ஓடுவது ஒருத்தி, தாங்குவது பத்துப் பேர்!

பந்தயத்தில் முதலாவதாக வருவது பெரிய காரியம். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. மறு நாளும், அதற்கு மறு நாளும் ஓடுவதற்கு வழி இருக்க வேண்டும்!

வழி என்றால் என்ன? வயிற்றுக்குச் சாப்பாடு. படுக்க இடம். காலுக்குப் பூட்ஸ். படிக்கப் பள்ளிக்கூடம். போய்வர பஸ் காசு. எல்லாவற்றுக்கும் மேலாக, "நீ போய் வா, மற்றதை நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள்.

இவ்வளவும் கிடைத்த பிள்ளை ஒலிம்பிக் வரை போகிறது. கிடைக்காத பிள்ளை பள்ளிக்கூட மைதானத்தோடு நின்று விடுகிறது. இரண்டு பிள்ளைகளின் காலிலும் ஒரே வேகம் இருந்திருக்கலாம். தாங்கிப் பிடித்த கைகளில்தான் வித்தியாசம்.

அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விஸ்வநத்தத்தில் ஒரு கேள்வி

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம், பட்டாசுத் தொழிலுக்குப் பெயர் போன ஊர். காலையில் ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் வந்து நிற்கும். தூக்குச் சட்டியில் சோற்றை எடுத்துக் கொண்டு பெண்களும் ஆண்களும் ஏறுவார்கள். பட்டாசு வேலை பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலை. இருட்டிய பிறகு விளக்கு வைத்துக் கொண்டு மருந்தில் கை வைக்க முடியாது. ஆகவே காலையிலேயே கிளம்பியாக வேண்டும்.

பல வேலைகளுக்குக் கூலி, செய்து முடித்த அளவைப் பொறுத்தது. எத்தனை கை வேலை செய்கிறதோ அத்தனை காசு. முன்பணம் வாங்கியிருக்கும் வீட்டில் இன்னொரு கை கூடினால் கடன் சீக்கிரம் தீரும்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரு பெண் குழந்தை வேகமாக ஓடுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அவள்தான் முதல். உடற்பயிற்சி ஆசிரியர் வீடு தேடி வருகிறார். "அம்மா, உங்கள் மகளை மாவட்டப் போட்டிக்கு அனுப்புங்கள். நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்கிறார்.

வீட்டில் என்ன கேட்பார்கள்? "ஓடினால் சோறு கிடைக்குமா, சார்?"

இது கேலிப் பேச்சு அல்ல. நியாயமான கேள்வி. உழைத்துச் சாப்பிடும் எந்தக் குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி.

இதே கேள்வி மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியின் முன்னாலும் வந்து நின்றது. சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 75 கிலோ மீட்டர். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். அவ்வளவு பக்கத்தில் நடந்த கதை இது.

ஆரம்மாள் பாட்டி

மதுரை மாவட்டத்தில் சக்கிமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே 1998ஆம் ஆண்டு பிறந்தவர் ரேவதி. சின்னஞ்சிறு வயதில் தந்தை வீரமணி நோயில் இறந்தார். துக்கம் ஆறுவதற்குள் தாயும் காய்ச்சலில் இறந்து போனார். ரேவதிக்கும் அவருடைய சகோதரிக்கும் இருந்த ஒரே துணை, தாயைப் பெற்ற பாட்டி ஆரம்மாள்.

பாட்டிக்கு நிலம் இல்லை, புலம் இல்லை. பிறர் வயலில் கூலி வேலை செய்தார். செங்கல் சூளையில் வேலை செய்தார். வந்த காசில் மூன்று வயிறு நிறைய வேண்டும்.

உறவினர்கள் வந்து புத்தி சொன்னார்கள். "பெண் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு? வேலைக்கு அனுப்பு. உன் பாரம் குறையும்" என்பது அவர்கள் பேச்சு.

பாட்டி கேட்கவில்லை. "பிள்ளைகள் படிக்கட்டும்" என்ற முடிவிலிருந்து அவர் அசையவில்லை. இரண்டு பேத்திகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

ரேவதி பள்ளியில் ஓடினார். காலில் பூட்ஸ் கிடையாது. வெறும் காலோடுதான் ஓட்டம். வெயிலில் காய்ந்த தரையில் வெறும் காலோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் வேகம் குறையவில்லை.

கண்ணன் வந்தார், பாட்டி மறுத்தார்!

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு போட்டியில் ரேவதி ஓடுவதை ஒருவர் பார்த்தார். அவர் பெயர் கண்ணன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர். மதுரையில் பயிற்சி கொடுத்து வந்தார். "இந்தப் பெண்ணை எனக்கு விட்டுக் கொடுங்கள். பெரிய ஓட்டக்காரியாக ஆக்கிக் காட்டுகிறேன்" என்று கேட்டார்.

பாட்டி உடனே சரி என்று சொல்லவில்லை. அவருக்குத் தயக்கம். வயது வந்த பெண். அரைக்கால் சட்டை போட்டுக் கொண்டு மைதானத்தில் ஓடினால் ஊர் என்ன சொல்லும்? தினமும் மதுரைக்குப் போய்வர பஸ்ஸுக்குக் காசு ஏது? கால் ஒடிந்தால் யார் பார்ப்பது?

கண்ணன் கோபித்துக் கொண்டு போய்விடவில்லை. மறுபடியும் பேசினார். வெறும் பேச்சோடு நிற்கவும் இல்லை. மதுரை லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். விடுதியில் தங்கவும் ஏற்பாடு செய்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். "உங்கள் பேத்தி ஒலிம்பிக்கில் ஓடுவாள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் பாட்டி நம்பியிருப்பாரா? "கல்லூரியில் இடம், தங்க விடுதி, மூன்று வேளை சாப்பாடு" என்று காட்டிய பிறகு பாட்டியின் பயம் பாதி தீர்ந்தது. பஸ் காசுக் கேள்வியும் போயிற்று. ஊர்வாய்க் கேள்வியும் போயிற்று. பாட்டி சம்மதித்தார்.

கல்லூரியில் சேர்ந்த பிறகும் சில காலம் ரேவதி வெறும் காலோடுதான் ஓடினார். 2016ஆம் ஆண்டுக்குப் பிறகே நல்ல காலணிகள் கிடைத்தன. அதற்கும் கண்ணன்தான் ஏற்பாடு. அந்த ஆண்டு கோயமுத்தூரில் நடந்த தேசிய இளையோர் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் ரேவதி தங்கம் வாங்கினார்.

டோக்கியோவில் மூன்று தமிழர்கள்

2019இல் ரேவதி பஞ்சாப் மாநிலம் பாட்டியாலாவுக்குப் போனார். அங்கே 1961ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்த பயிற்சியாளர் காலினா புகாரினா என்ற அம்மையார், ரேவதியை 400 மீட்டர் ஓட்டத்துக்கு மாற்றினார்.

இதற்கிடையில் ரேவதிக்குத் தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலை கிடைத்தது. "ஓடினால் சோறு கிடைக்குமா?" என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் வந்து விட்டது!

2021 ஜூலை மாதம் பாட்டியாலாவில் தேர்வு ஓட்டம். 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி ரேவதி முதலாவதாக வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வானார்.

ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரும் தலா 400 மீட்டர் ஓடும் கலப்புத் தொடரோட்டம் அது. இந்திய அணியில் கேரளத்து முகம்மது அனஸ் தவிர மற்ற மூவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ரேவதி, திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன், லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். ஓட்ட நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி. இறுதிப் போட்டிக்கு அணி தகுதி பெறவில்லை.

பதக்கம் இல்லைதான். ஆனால் சக்கிமங்கலத்துப் பேத்தி உலகத்தின் மிகப் பெரிய மைதானத்தில் ஓடினார். சகோதரியும் படித்து முன்னேறிக் காவல் துறையில் சேர்ந்தார். வேலைக்கு அனுப்பியிருந்தால் இரண்டு கூலிகள் கிடைத்திருக்கும். அனுப்பாததால் இரண்டு வாழ்க்கைகள் கிடைத்தன.

எத்தனை கைகள்?

இந்தக் கதையில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

சோறு போட்டது பாட்டி. ஆளைக் கண்டு பிடித்தது பயிற்சியாளர். இடம் கொடுத்தது கல்லூரி. மாதச் சம்பளம் கொடுத்தது ரயில்வே. மேற்பயிற்சி கொடுத்தது பாட்டியாலா. இவற்றில் ஒரு கை விலகியிருந்தாலும் டோக்கியோ இல்லை.

நம் நாட்டில் இது பழைய வழிதான். "பறக்கும் சீக்கியர்" என்று பெயர் பெற்ற மில்கா சிங்கைத் தெரியாதவர் இல்லை. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தவர். நாடு பிரிந்த கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த அகதிச் சிறுவன் அவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கினார். நன்றாக ஓடும் வீரர்களுக்குத் தினமும் ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். அந்தப் பாலுக்காகத்தான் முதலில் ஓடினேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு டம்ளர் பால்! ஆனால் அது தினமும் கிடைத்தது. தவறாமல் கிடைத்தது. எப்போதோ ஒரு நாள் கிடைக்கும் விருந்தைவிட, தினமும் கிடைக்கும் பால் பெரிது.

ராணுவமும் ரயில்வேயும் நம் ஓட்டக்காரர்கள் பலருக்குத் தாய் வீடு. பி.டி. உஷாவும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்தான். ஆரோக்கிய ராஜீவும் ராணுவத்தில் சேர்ந்தவர்தான்.

காய்கறி விற்ற தாய்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பஸ் அவருடைய வலது காலில் ஏறி நசுக்கி விட்டது. தாய் சரோஜா சித்தாள் வேலை செய்தார். பிறகு காய்கறி விற்றார். மகனுடைய சிகிச்சைக்காக 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார்.

பையன் மற்றப் பிள்ளைகளோடு விளையாடினான். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் "நீ உயரம் தாண்டு" என்றார். பிறகு சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் அவரை அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி. 2024இல் பாரிசில் வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம்!

தங்கம் வென்றதும் தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. தாம் படித்த அரசுப் பள்ளிக்கு அதிலிருந்து 30 லட்சம் ரூபாய் கொடுத்தார் மாரியப்பன். 2021இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் அவருக்கு வேலையும் கிடைத்தது. தங்கம் வாங்கிய ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வேலை இது. பரிசுப் பணம் ஒரு நாள் வருவது. சம்பளம் மாதா மாதம் வருவது. இரண்டும் வேண்டும்.

கை விலகினால் என்ன ஆகும்?

இதுவரை சொன்னவை நல்ல முடிவுக் கதைகள். இனிச் சொல்வது நெஞ்சைச் சுடும் கதை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஓடக் கற்றுக் கொடுத்தவர் தாத்தா. முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. சாந்தி வளர்ந்தார். 2006 டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஊரே கொண்டாடியது.

சில நாட்களில் இடி விழுந்தது. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்து விட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்தவர். உடம்பின் பிறவி அமைப்புக்கு ஒருவர் என்ன செய்ய முடியும்? ஆனால் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் அவர் பெயர் அடிபட்டது. ஓட்டம் நின்றது. மனம் உடைந்தார்.

தமிழக அரசு அப்போது 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர் தமக்கென்று ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்கப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பணம் தீர்ந்தது; பள்ளி நின்றது. 2012ஆம் ஆண்டில் அவர் பெற்றோரைப் போலவே செங்கல் சூளையில் கூலி வேலை செய்து கொண்டிருந்தார். ஆசியாவில் இரண்டாவதாக ஓடிய கால்கள் சூளை மண்ணை மிதித்தன!

செய்தி வெளியே வந்த பிறகு உதவிகள் வந்தன. பயிற்சியாளருக்கான படிப்பைப் படித்து முடித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நிரந்தர வேலை கிடைத்தது. பத்து ஆண்டுகள் போய்விட்டன.

இதே சோதனை வேறொரு நாட்டில் வேறொரு பெண்ணுக்கும் வந்தது. 2009இல் 800 மீட்டரில் உலகப் பட்டம் வென்ற தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா. அவருடைய பதக்கம் பறிபோகவில்லை. ஏன்? அவருடைய அரசாங்கம் அவருக்குப் பின்னால் நின்றது. மக்கள் நின்றார்கள். வழக்கறிஞர்கள் வந்தார்கள். மறு ஆண்டே மீண்டும் ஓடினார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2019இல் புதிய விதிகள் மறுபடியும் அவரைத் தடுத்தன. அப்போதும் அவர் தனியாக நிற்கவில்லை.

இரண்டு பெண்களுக்கும் வந்த துன்பம் ஒன்றே. ஒருவரைச் சுற்றிக் கைகள் இருந்தன. ஒருவரைத் தனியே விட்டு விட்டோம். வெற்றி நாளில் மாலை போடப் பத்தாயிரம் பேர் வருவார்கள். தோல்வி நாளில் பக்கத்தில் உட்காரப் பத்துப் பேர் வேண்டும். அதுதான் உண்மையான உதவி.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடினால்...

விஸ்வநத்தத்திலோ, திருத்தங்கலிலோ, சாத்தூரிலோ உங்கள் பிள்ளை நன்றாக ஓடுகிறது. குதிக்கிறது. கபடி ஆடுகிறது. என்ன செய்யலாம்?

சாப்பாடு: விலை உயர்ந்த டப்பா மாவு வேண்டாம். பயிற்சி செய்யும் பிள்ளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 54 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம்! நம் கரிசல் காட்டுக் கடலையை அலட்சியம் செய்ய வேண்டாம். பருப்பு, சுண்டல், கம்பங்கூழ், மீன், முருங்கைக் கீரை எல்லாம் நல்லவை. பயிற்சிக்குப் போகும் முன் வெறும் வயிறு ஆகாது. ஒரு வாழைப்பழமாவது கொடுத்து அனுப்புங்கள்.

உறக்கம்: வளரும் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை 5 மணிக்கு ஓட எழுப்புகிறீர்களா? அப்படியானால் இரவு 9 மணிக்கு விளக்கை அணையுங்கள். செல்போனையும் அணையுங்கள்.

பெண் பிள்ளைகள்: வெளிறிய முகம், சீக்கிரம் மூச்சு வாங்குதல், எப்போதும் அசதி இருந்தால் ரத்த சோகையா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது. கடும் பயிற்சியில் மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் "ஓடுவதால் அப்படித்தான்" என்று இருந்து விடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

காலணி: தார் ரோட்டில் வெறும் காலோடு தினமும் ஓடினால் கால் எலும்புக்குக் கேடு. மண் தரையில் ஓடலாம். முதலில் ஒரு ஜோடி சாதாரண ஓட்டக் காலணி போதும். ஆணி வைத்த காலணி பந்தயத்துக்கும் தடகளத்துக்கும் மட்டும்.

வேலை: லீவு நாட்களில் பிள்ளையைப் பட்டாசு வேலைக்கு அனுப்ப வேண்டாம். 18 வயது நிறையாதவரை ஆபத்தான தொழிலில் சேர்க்கச் சட்டம் இடம் தராது. வெடி மருந்துத் தூள் படிந்த உடையோடு அடுப்படிக்குப் போகாமல், குளித்து உடை மாற்றிய பிறகு பிள்ளைக்குச் சோறு போடுங்கள். ஓடும் பிள்ளைக்கு நுரையீரல்தான் மூலதனம்.

மருந்து: இது மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய விஷயம். தடை செய்யப்பட்ட மருந்து உடம்பில் இருந்தால், "தெரியாமல் சாப்பிட்டேன்" என்ற பதில் குற்றத்தைப் போக்காது. பல ஆண்டுகள் விளையாட முடியாமல் போகும். சில சளி மருந்துகளில் உள்ள சூடோஎபிட்ரின் என்ற சரக்குக்கூடப் போட்டி நாளில் அளவுக்கு மேல் இருந்தால் தவறு. கடையில் யாரோ கொடுக்கும் பொடியும் ஊசியும் வேண்டவே வேண்டாம். டாக்டரிடம் போனால், "இவள் போட்டியில் ஓடுகிறவள்" என்று முதலில் சொல்லுங்கள். பெரிய நிலைக்கு உயர்ந்த வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் தாங்கள் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே சோதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் தண்டனை உண்டு.

எங்கே போய்க் கேட்பது?

உதவி இருக்கிறது. கேட்கத் தெரியாததால் பலருக்குக் கிடைப்பதில்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கு அலுவலர் உண்டு. விருதுநகர் மாவட்ட விளையாட்டு அரங்கில் போய் விசாரிக்கலாம். ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் சேரும் மாணவர்களுக்குத் தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். தேர்வுப் போட்டி வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். அறிவிப்பு வரும் நாளைத் தவற விடக் கூடாது.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர்கள் சேரலாம். 2023இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. வெளியூர்ப் போட்டிக்குப் போகவும் கருவிகள் வாங்கவும் அது உதவி செய்கிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய். ஒலிம்பிக் பதக்கத்தைக் குறி வைத்து 2014இல் தொடங்கிய திட்டத்தில் தேர்வானவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும்! பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, சாதிச் சான்று, பாங்குக் கணக்கு இவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்று போல இருக்கட்டும். ஒவ்வொரு போட்டிக்கும் கொடுத்த சான்றிதழை ஒரு கோப்பில் வையுங்கள். நகல் எடுத்து வேறிடத்தில் ஒன்று வையுங்கள். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். ஒரு நாள் பிடிபடும். வாங்கிய பதக்கம் எல்லாம் போகும்.

பரிசுப் பணம் வந்தால் பிள்ளை பெயரில் பாங்கில் போடுங்கள். கடனை அடைப்பது குற்றம் அல்ல. ஆனால் அடுத்த ஆண்டுக் காலணிக்கும் பஸ்ஸுக்கும் ஒரு பங்கை எடுத்து வைத்து விட்டு மிச்சத்தில் அடையுங்கள்.

படிப்பை விட வேண்டாம்

ஓட்டக்காரரின் ஆயுள் குறுகியது. முப்பது வயதைத் தாண்டி வேகமாக ஓடுகிறவர்கள் கொஞ்சம் பேர். அதற்கு முன்பே முழங்கால் போகலாம், தசை கிழியலாம். அன்றைக்குக் கையில் என்ன இருக்கும்? படிப்புதான் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பாவது, பட்டமாவது இருந்தால் ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பம் போடலாம். பயிற்சியாளர் படிப்புக்குப் போகலாம். உடற்பயிற்சி ஆசிரியராகலாம். சாந்தியைச் சூளையிலிருந்து மீட்டது ஒரு படிப்புதான் என்பதை மறக்க வேண்டாம்.

பதக்கம் வராமலே போகலாம். ஆயிரம் பிள்ளைகள் ஓடினால் ஒரு பிள்ளைதான் ஒலிம்பிக் போகும். மற்றப் பிள்ளைகளின் கதி? அவர்களுக்கும் நல்ல உடம்பு கிடைத்திருக்கும். ஊர் தாண்டிப் போய்வந்த தைரியம் கிடைத்திருக்கும். தோற்றாலும் மறு நாள் எழுந்து வரும் பழக்கம் கிடைத்திருக்கும். படிப்பும் கூட இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக் கொள்ளும்.

நாம் என்ன செய்யலாம்?

எல்லாரும் பணம் கொடுக்க முடியாது. கொடுக்கவும் வேண்டாம். பால்காரர் தினமும் அரை லிட்டர் பால் கொடுக்கலாம். அச்சகத்து முதலாளி பஸ் செலவை ஏற்றுக் கொள்ளலாம். கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். மைதானம் வரை துணைக்குப் போய் வர ஓர் அத்தை போதும். பக்கத்து வீட்டுக்காரர், "பெண் பிள்ளை ஏன் ஓடுகிறது?" என்று கேட்காமல் இருக்கலாம். அதுவே பெரிய உதவி!

ஆரம்மாள் பாட்டிக்குப் பணம் இல்லை. செல்வாக்கு இல்லை. விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேத்தியை வேலைக்கு இழுக்காமல் விட்டார். உரிய ஆள் வந்து கேட்டபோது யோசித்து, நம்பி, அனுப்பி வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

அந்த அளவு செய்ய எந்த வீட்டாலும் முடியும். உங்கள் தெருவில் வேகமாக ஓடும் பிள்ளை யார்? இன்று மாலையே விசாரித்துப் பாருங்கள்!